நடை உண்டா, இல்லையா? கடலோரப் பஸ்களுக்காக ஒரு திறந்த மடல்

பெறுநர்: இராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் பஸ் இயக்கும் போக்குவரத்து நிர்வாகத்தினர், மாவட்ட ஆட்சியர், பஸ் நிறுத்தங்களைப் பராமரிக்கும் நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சிப் பொறுப்பாளர்கள்.

மதிப்புக்குரியவர்களுக்கு வணக்கம்.

பஸ்ஸில் ஜிபிஎஸ் கருவி வைக்கப்போகிறோம், பழையதை மாற்றப்போகிறோம், செயலி விடப்போகிறோம் என்று பேச்சு எழும்போதெல்லாம் செல்போன் திரையில் ஊர்ந்து போகும் பஸ் படம்தான் எல்லோர் கண்ணிலும் நிற்கிறது. சென்னைக்கு அது சரி. அங்கே 2022-ல் மாநகரப் பஸ்களுக்குச் செயலி வந்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி ஓடும் தடத்தில் நிற்பவருக்கு, அடுத்தது மூன்று நிமிடத்திலா எட்டு நிமிடத்திலா என்பதுதான் தெரிய வேண்டும். மோர்ப்பண்ணையிலும் மூக்கையூரிலும் நிற்பவருக்கு அந்தக் கணக்கால் பயனில்லை. ஒரு நடை, அதாவது அட்டவணையில் உள்ள ஒரு பஸ் ஓட்டம், தவறினால் அடுத்தது வர மணிக்கணக்காகும். காலை ஏழரை வண்டி கிளம்பிவிட்டதா, டிப்போவிலேயே நிற்கிறதா என்று மட்டும் சொல்லிவிட்டால் போதும். ஷேர் ஆட்டோவா, ஊர்ப் பாதை பெரிய சாலையில் சேரும் விலக்கு வரை நடப்பதா, இன்றைக்கு வேலைக்கு லீவா என்று அவரே முடிவு செய்துகொள்வார்.

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றுதான். ரத்தான நடையை ரத்து என்று நேரத்தோடு சொல்லும் ஏற்பாடு முதலில் வேண்டும். வண்டி நகர்வதைப் படமாகக் காட்டுவது அதற்கு அடுத்தபடி.

கண்காணிப்பு மென்பொருள்கள் கோட்டை விடும் இடமும் இதுதான். டிரைவர் வராததால் கிளம்பாத வண்டியும், கிளம்பி சிக்னல் இல்லாத இடத்தில் போய்க்கொண்டிருக்கும் வண்டியும் திரையில் ஒன்றுபோல்தான் இருக்கும்: இரண்டும் காணாது. பயணிக்கு மூன்று விதமான பதில் தனித்தனியாகத் தெரிய வேண்டும். “கிளம்பிவிட்டது, இப்போது திருப்பாலைக்குடி தாண்டிவிட்டது” என்பது ஒன்று. “இந்த நடை இன்று இல்லை, அடுத்தது இத்தனை மணிக்கு” என்பது இரண்டு. “கிளம்பியது உறுதி, சிக்னல் கிடைக்கவில்லை, அட்டவணைப்படி வரும்” என்பது மூன்று. பஸ் அட்டவணையைப் பகிர உலகெங்கும் புழங்கும் ஜிடிஎஃப்எஸ் வடிவத்தின் நேரலைப் பகுதியில், ஒரு நடையை ரத்து என்று குறிக்க இடம் இருக்கிறது. அதை நிரப்ப ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஆள் டிப்போவின் நேரக் காப்பாளர். அவர் ஏன் உடனே ரத்து என்று போடமாட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறோம். ரத்தான கிலோமீட்டர் கணக்கு டிப்போவின் பெயரில் ஏறும்; மேலிடத்தில் கேள்வி வரும். “பார்க்கலாம், ஆள் வந்துவிடுவார்” என்று கடைசி நிமிடம் வரை இழுப்பார். நேரம் கடந்த பிறகு பதிவேட்டில் எழுதுவார். நிறுத்தத்தில் நிற்பவர்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. இதற்கு மருந்து மென்பொருளில் கிடையாது, விதியில்தான் இருக்கிறது. புறப்படும் நேரத்துக்கு அரைமணி முன்பே அறிவித்த ரத்தை ஒரு கணக்கிலும், சொல்லாமல் விட்ட ரத்தை வேறு கணக்கிலும் வையுங்கள். விளக்கம் கேட்பது இரண்டாவதற்கு மட்டும் இருக்கட்டும். திரையில் ரத்து பொத்தானை அழுத்தினால் ஆள் இல்லை, வண்டி இல்லை, சாலை அடைப்பு, மற்றவை என்று நான்கே காரணம் வந்தால் போதும். நாற்பது காரணம் கொண்ட பட்டியலை விடியற்காலை நாலு மணிக்கு யாரும் படிக்கமாட்டார்கள். நேரக் காப்பாளர் மறந்தாலும், புறப்பாட்டு நேரம் தாண்டிப் பத்து நிமிடமாகியும் வண்டி டிப்போ வாசலையோ பஸ் நிலையத்தையோ விட்டு நகரவில்லை என்றால், “இன்னும் கிளம்பவில்லை” என்பதை மென்பொருள் தானாகவே வெளியிட வேண்டும்.

அடுத்த ஓட்டை, எந்தக் கருவி எந்த நடையில் போகிறது என்பது. கருவி சொல்வது, இந்தப் பதிவெண் வண்டி இந்த நேரத்தில் இந்த இடத்தில் இருக்கிறது என்பதை மட்டுமே. அது தொண்டிக்குப் போகிறதா கீழக்கரைக்குப் போகிறதா என்று அதற்குத் தெரியாது. டூட்டி பிரிக்கும் நேரத்தில் ஒரு வண்டிக்கு பிரேக்கில் காற்று நிற்கவில்லை என்றால் ஸ்பேர் வண்டி போகும். அந்த மாற்றம் பதிவேட்டில் பேனாவால் ஏறும், கணினிக்கு ஏறாது. அன்று முழுக்கத் தொண்டி வண்டி ஷெட்டில் படுத்திருப்பதாகவும், பெயர் தெரியாத ஒரு வண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுற்றிக்கொண்டிருப்பதாகவும் திரை காட்டும். பயணி இரண்டு நாள் ஏமாந்தால் மூன்றாம் நாள் செயலியை அழித்துவிடுவார்.

இதற்கென்று டிப்போவில் புதிதாக ஒருவரை உட்காரவைக்கத் தேவையில்லை. கண்டக்டர் கையில் இருக்கும் டிக்கெட் மெஷினே போதும். டூட்டி தொடங்கும்போது அதில் வழிச்சீட்டு எண்ணும் ஷெட்யூல் எண்ணும் ஏறுகின்றன. ஒவ்வொரு சிங்கிள் (ஒருவழிப் பயணம்) தொடங்கும்போதும் அவர் நடையை மாற்றுகிறார். வண்டிப் பதிவெண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் போடாமல் முதல் டிக்கெட் அடிக்க முடியாது என்று ஒரு பூட்டு வையுங்கள். மெஷினும் ஜிபிஎஸ்ஸும் ஒரே சர்வரில் சந்திக்கட்டும். பதிவெண்ணைத் தப்பாகப் போட்டாலும் பிடிக்க வழி உண்டு. 6.10 தொண்டி நடை என்று மெஷின் சொல்கிறது. அந்தப் பதிவெண் கொண்ட வண்டியோ 6.15-க்குச் சாயல்குடிப் பக்கம் நிற்கிறது. உடனே நேரக் காப்பாளர் திரையில் சிவப்பு விளக்கு எரியட்டும். வழியில் நிற்கும் வண்டிக்கும் ஏற்பாடு தேவை. உச்சிப்புளி அருகே பெல்ட் அறுந்து நின்ற வண்டியின் பயணிகளைப் பின்னால் வந்த வண்டியில் ஏற்றிவிட்டால், முதல் வண்டியின் நடை அந்த இடத்தோடு முடிந்தது என்று குறிக்க வேண்டும். மாற்று வண்டி அனுப்பினால் மீதி நடை அதன் பெயருக்கு மாற வேண்டும். இல்லாவிட்டால் மண்டபத்தில் நிற்பவர், உச்சிப்புளியில் அசையாமல் நிற்கும் பஸ் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இனி ஜிபிஎஸ் பெட்டிக்கு வருவோம். இந்தக் கடலோரத்தில் பாதிச் சிக்கல் இங்கேதான்.

பயணிகள் வண்டிகளுக்கான இருப்பிடக் கருவிக்கு ஏஐஎஸ் 140 என்ற தரம் இருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் புதிதாகப் பதிவாகும் வண்டிகளுக்கு இது கட்டாயம். அவசரப் பொத்தான், வண்டி பேட்டரி அறுந்தாலும் நான்கு மணி நேரம் தாங்கும் உள் பேட்டரி, சிக்னல் இல்லாதபோது 40,000 பதிவுகளைச் சேமிக்கும் நினைவகம், பெட்டிக்குள்ளேயே பதித்த சிம் எல்லாம் அதில் அடக்கம். நல்ல தரம்தான். ஆனால் அந்தச் சான்று பெட்டிக்குத்தான், பெட்டிக்குப் போகும் ஒயருக்கு இல்லை. பாம்பனிலும் தொண்டியிலும் முதலில் சாவது ஒயர்.

பொருத்துபவர் அவசரத்தில் செய்கிற வேலை இப்படி இருக்கும்: கைக்கு எட்டிய ஒயரைச் சீவி, முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றி, டாஷ்போர்டுக்குப் பின்னால் செருகிவிடுவார். கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களில் அது தாக்குப்பிடிக்கும். கடலோரத்தில் வெயிலுக்கு டேப்பின் பசை இளகும். இரவுப் பனியில் உப்பு ஈரம் உள்ளே ஏறும். செம்பில் களிம்பு பிடிக்கும். வெளியே பார்த்தால் ஒயர் நன்றாகவே இருக்கும். டேப்பைப் பிரித்தால் பச்சைப் பொடியாக உதிரும். போதாக்குறைக்கு, வண்டி கழுவும் போர்வெல் தண்ணீரே பல இடங்களில் உப்பு. ஆகவே ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்: வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர், கிரிம்ப் செய்த (கருவியால் அழுத்திப் பிடித்த) வளைய முனை, சூடாக்கினால் சுருங்கி இறுகும், உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய். எந்த இணைப்பிலும் முறுக்கும் டேப்பும் கூடாது. கனெக்டருக்குள் ஈரம் புகாமல் காக்கும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவ வேண்டும். பெட்டிக்குள் நுழையும் முன் ஒயர் சற்றுத் தொங்கி மேலேற வேண்டும், அப்போதுதான் வழிந்து வரும் தண்ணீர் கனெக்டருக்குள் போகாமல் கீழே சொட்டும்.

கரண்ட் எங்கிருந்து எடுப்பது என்பதும் முக்கியம். பஸ் 24 வோல்ட். இரவில் டிரைவர் பேட்டரியின் கட்-ஆஃப் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவார், அது அவர் கடமை. கருவிக்கான ஒயரை அந்தச் சுவிட்சுக்குப் பின்னால் எடுத்திருந்தால், தினமும் இரவு கருவி தன் உள் பேட்டரியில் ஓடிக் காலியாகும். தினமும் அடிவரை காலியாகும் பேட்டரி சீக்கிரமே உப்பிப் போகும். அதன் பிறகு அது பெயருக்குத்தான் பேட்டரி. எனவே பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் சுவிட்சுக்கு முன்னால், பேட்டரி முனையிலிருந்தே எடுக்க வேண்டும். முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 2 அல்லது 3 ஆம்பியர் ஃபியூஸ் இருக்க வேண்டும். எர்த்தைச் சேசிஸ் போல்ட்டில் மாட்டுவது இங்கே ஆகாது. போல்ட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே துரு ஏறினால், செல்ஃப் அடிக்கும் ஒவ்வொரு முறையும் கருவி அணைந்து எழும். மூன்றாவது, இக்னிஷன் ஒயர். அதைச் சாவியின் இக்னிஷன் முனையில் கொடுக்காமல் லைட் ஒயரில் கொடுத்துவிட்டால், பகலில் வண்டி தூங்குவதாகக் கருவி நினைத்துப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் செய்தி அனுப்பும். வரைபடத்தில் வண்டி ஒரேயடியாகப் பல கிலோமீட்டர் தாவுகிறதா? சர்வரைக் குறை சொல்லும் முன் இந்த ஒயரைப் பாருங்கள்.

அவசரப் பொத்தானைப் பற்றி ஒரு வார்த்தை. ஜன்னலோரத் தூணில் இருக்கும் பொத்தானில் மழைச்சாரலும் உப்பும் இறங்கி உள்ளே ஒட்டிக்கொண்டால், யாரும் தொடாமலே அபாய அழைப்பு போகும். இரண்டு வாரம் பொய் அழைப்பு வந்தால் கட்டுப்பாட்டு அறை அதைக் காதில் வாங்காது. நாலாவது வாரம் யாராவது ஒயரையே கழற்றிவிடுவார்கள். ரப்பர் மூடியுள்ள பொத்தானாக வாங்குங்கள். மாதம் ஒருமுறை ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திப் பார்ப்பது எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்கு முந்தைய சடங்காக இல்லாமல் டிப்போவின் வழக்கமான வேலையாக இருக்கட்டும். கூடவே கருவிக்கு வரும் வோல்ட், உள் பேட்டரி நிலை, கடைசிச் செய்தி வந்த நேரம் மூன்றையும் பார்த்து எழுதினால் ஒரு வண்டிக்குப் பத்து நிமிடம் ஆகாது. டிப்போ எலெக்ட்ரீஷியனுக்கு ஒரு மல்டிமீட்டரும், கிரிம்பிங் கருவியும், நூறு வண்டிக்கு ஐந்தாறு உபரிப் பெட்டியும் கொடுங்கள். கம்பெனி ஆள் வெளியூரிலிருந்து வரும்வரை ஒரு வண்டி பத்து நாள் ஊமையாக ஓடுவது அதனால் நிற்கும்.

நெட்வொர்க்கில் இந்தக் கரைக்கென்றே ஒரு கோளாறு உண்டு. தனுஷ்கோடிப் பக்கம் போனால் செல்போனில் இலங்கை நெட்வொர்க்கின் பெயர் வருவதைப் பார்த்திருப்பீர்கள். கருவிக்குள் இருக்கும் சிம்மும் அப்படித்தான் அலையும். முகுந்தராயர் சத்திரம் தாண்டி நம் டவர் மெலிந்ததும் அக்கரை டவரைப் பிடிக்கப் பார்க்கும். ரோமிங் அனுமதி இல்லாததால் அது தள்ளிவிடும், மறுபடி போய்க் கேட்கும். இந்த ஆட்டத்தில், திரும்பி வந்து நம் டவர் நன்றாகக் கிடைக்கும் இடத்திலும் கருவி சில நிமிடம் திக்குத் தெரியாமல் இருக்கும். தீர்வு எளிது. இந்தியாவின் நாட்டுக் குறியெண்களான 404, 405 உள்ள நெட்வொர்க்கை மட்டும் தேடு, இலங்கையின் 413-ஐத் தொடாதே என்று கருவியின் அமைப்பில் எழுதிவிடலாம். கொள்முதலின்போதே கேட்டால் செலவில்லை. பின்னால் கேட்டால் அது தனி வேலையாகிவிடும்.

சிக்னல் இல்லாத நேரத்துப் பதிவுகள் வீணாவதில்லை. 10 விநாடிக்கு ஒரு பதிவு என்றால் 40,000 பதிவு நான்கரை நாளுக்கு மேல் தாங்கும். தனுஷ்கோடிக்கு அப்பால் நிலம் முடியும் அரிச்சல்முனை போய்த் திரும்பும் நேரமெல்லாம் அதற்குத் தூசு. கோளாறு சர்வர் பக்கம்தான் வரும். சேமித்த பதிவுகள் மொத்தமாக வந்து கொட்டும்போது, அவை வந்து சேர்ந்த நேரத்தைச் சர்வர் எடுத்துக்கொண்டால், ராமேஸ்வரம் பஸ் நிலையத்தில் நிற்கும் வண்டி திரையில் மறுபடியும் தனுஷ்கோடிக்கு ஓடும். ஏஐஎஸ் 140 செய்தியில் இது நேரலையா பழையதா என்று சொல்லும் ஓர் எழுத்தும், கருவி பதிந்த நேரமும் உள்ளன. அவற்றை மதிக்கச் சொல்லுங்கள். டேட்டா செலவைப் பற்றிப் பயம் வேண்டாம். 10 விநாடிக்கு ஒன்று, நாளைக்கு 16 மணி நேரம் என்றால் 5,760 செய்தி. ஒன்று 250 பைட் என்று வைத்தாலும் நாளைக்கு ஒன்றரை எம்பிக்குள் அடங்கும்.

எந்த கம்பெனியின் சிம் என்பதை அலுவலகத்தில் உட்கார்ந்து தீர்மானிக்கக் கூடாது. தேவிபட்டினம், தொண்டி, பெரியபட்டினம், வாலிநோக்கம், மூக்கையூர் தடங்களில் ஒரு வண்டியில் நாலு கம்பெனி சிம்மையும் வைத்து இரண்டு நாள் ஓட்டிப் பார்த்து, மிஞ்சும் இரண்டைத் தேர்ந்தெடுங்கள். 4ஜி இயங்கும் கருவியாக இருக்கட்டும். 2ஜியை மட்டும் நம்பும் பழைய பெட்டி மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

நிறுத்தப் பட்டியலிலும் கவனம் தேவை. டிக்கெட் மெஷினில் இருப்பது கட்டண ஸ்டேஜ் (டிக்கெட் விலை மாறும் இடங்கள்) பட்டியல், நிறுத்தப் பட்டியல் அல்ல. இரண்டு ஸ்டேஜுக்கு நடுவே வண்டி நிற்கும் விலக்குகள், தர்கா வாசல், உப்பளப் பாதை எதுவும் அதில் இருக்காது. தடம் முழுக்கச் சென்று, போகும் பக்கம் ஒன்று, வரும் பக்கம் ஒன்று என்று ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் இரண்டு புள்ளி குறிக்க வேண்டும். நிறுத்தத்தைச் சுற்றி 50 மீட்டர் வட்டம் போட்டு, வண்டி உள்ளே வந்தால் வந்ததாகக் கொள்வது வழக்கம். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி 10 விநாடியில் 167 மீட்டர் போய்விடும். யாரும் ஏறாத நிறுத்தத்தை அது தாவிவிடும், மென்பொருளோ “வரவில்லை” என்று எழுதும். இரண்டு பதிவுக்கு நடுவே உள்ள கோடு வட்டத்தைத் தொடுகிறதா என்று பார்க்கச் சொன்னால் தீர்ந்தது. இதே கோடு இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும்: ஊருக்குள் போக வேண்டிய வண்டி விலக்கிலேயே ஆளை இறக்கிவிட்டு நேரே போன நாட்களை.

அட்டவணை பற்றி. பல தடங்களில் ஓட்ட நேரம் என்பது சாலை காலியாக இருந்த காலத்தில் போட்டது. பாம்பன் சாலைப் பாலம் 1988-ல் திறந்தபோது அதன்மேல் வண்டியை நிறுத்திக் கடலையும் ரயில் பாலத்தையும் படம் பிடிக்கும் கூட்டம் இல்லை. இப்போது விடுமுறை நாளில் அந்த இரண்டு கிலோமீட்டருக்கு ஆகும் நேரத்தை யாரும் அடித்துச் சொல்ல முடியாது. 2025 ஏப்ரலில் புதிய ரயில் பாலம் திறந்த பிறகு வேடிக்கை பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துவிட்டது. காலையில் பத்து நிமிடம் தாமதமாகும் வண்டி, ஒவ்வொரு சிங்கிளுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, இரவு கடைசி நடையைத் தின்றுவிடும். கடைசி நடை ரத்தானால் அந்த ஊருக்கு அன்று பஸ்ஸே இல்லை என்று அர்த்தம். மூன்று மாதப் பதிவு கையில் வந்ததும், மணி வாரியாக, பத்து நடையில் எட்டு நடை எவ்வளவு நேரத்துக்குள் முடிகிறதோ அதையே ஓட்ட நேரமாக வையுங்கள். சராசரியை வைத்தால் ஏறக்குறையப் பாதி நடை தாமதமாகத்தான் வரும்.

ஆடி, மகாளய, தை அமாவாசைகளை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அன்றைக்கு ராமேஸ்வரம், சேதுக்கரை, தேவிபட்டினம் மூன்றுக்கும் தனி அட்டவணை வேண்டும். பஞ்சாங்கம் ஓராண்டுக்கு முன்பே கடையில் கிடைக்கிறது. எனவே ‘திடீர்க் கூட்டம்’ என்ற சொல்லை இந்த மூன்று நாளுக்கு யாரும் பயன்படுத்தக் கூடாது. ஏர்வாடி சந்தனக்கூடும், உத்திரகோசமங்கை மார்கழித் திருவாதிரையும் அப்படியே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அதிகாலை மீன் கூட்டம் குறையும், கோடை விடுமுறை யாத்திரைக் கூட்டம் கூடும். அந்த 61 நாளுக்கு விடியற்காலை வண்டியில் ஒன்றிரண்டைப் பகல் நடைக்கு மாற்றலாம். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றும் நாட்களில் எந்தத் தடம் எத்தனை மணிக்கு நிற்கும் என்று அறிவிக்கும் அதிகாரம் ஒரே ஒருவரிடம் இருக்க வேண்டும். மூன்று வாட்ஸ்அப் குழுவில் மூன்று விதமாக வருவதைவிட ஒன்றும் வராமல் இருப்பது மேல்.

தொழிலாளர்களைப் பற்றி. கருவியைச் சாட்டையாக எடுத்தால் ஒயர் தானாக அறுந்துபோகும். எந்த ஊரிலும் இதுதான் நடக்கும். ஐந்து நிமிடத் தாமதத்துக்கெல்லாம் மெமோ கொடுக்காதீர்கள். கூட்டமும் ரயில்வே கேட்டும் பாலமும் டிரைவர் கையில் இல்லை. நேரத்துக்கு முன்னால் கிளம்புவது மட்டும் அவர் கையில் இருக்கிறது. தாமதமாக வரும் வண்டிக்கு நின்றவர் ஏறிவிடுவார். முன்னால் போன வண்டிக்கு வந்தவர் அடுத்த நடை வரை நிற்பார். எனவே கேள்வி கேட்பதென்றால் முன்கூட்டிப் போனதற்கு மட்டும் கேளுங்கள். தாமதத்தை அட்டவணையின் குற்றமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தகவல் யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்றால், பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் மீன் கூடையோடு நிற்கும் பெண்களுக்கு, கடல்பாசி எடுத்துத் திரும்பும் பெண்களுக்கு, பள்ளிப் பிள்ளைகளுக்கு. பட்டன் போன் வைத்திருப்பவர்கள் இன்னும் நிறைய. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஐந்து இலக்க எண் கொடுத்து, அதை நிறுத்தத்துச் சுவரில் பெயின்டால் எழுதுங்கள். ஒரு தொலைபேசி எண்ணுக்கு அழைத்து அந்த எண்ணை அழுத்தினால் அடுத்த இரண்டு நடையைத் தமிழில் சொல்ல வேண்டும். எஸ்எம்எஸ்ஸும் விடலாம், ஆனால் தமிழில் ஒரு செய்திக்கு 70 குறிகள்தான். ‘தொண்டி’ என்பது கண்ணுக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஆறு குறி. “பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்று தொடங்கினால் செய்தியில் 28 குறி அங்கேயே போய்விடும். “7.40 தொண்டி நடை இல்லை. அடுத்தது 9.10” என்று இருக்கட்டும். வாசகத்தை முன்கூட்டியே பதிவு செய்தால்தான் மொத்த எஸ்எம்எஸ் போகும் என்பதால் இந்த வாக்கியங்களை இப்போதே முடிவு செய்ய வேண்டும்.

எல்இடி பலகையை நிறுத்தத்துக்கு நிறுத்தம் வைக்க ஆசைப்படாதீர்கள். உப்புக் காற்றில் பலகையின் பவர் சப்ளை முதலில் போகும், பிறகு அது குருவிக் கூடுதான். இராமநாதபுரம், ராமேஸ்வரம், கீழக்கரை, தொண்டி, சாயல்குடி பஸ் நிலையங்களில் கூரைக்குள் வைத்தால் போதும். மற்ற நிறுத்தங்களில் சுவரில் எழுதிய கால அட்டவணையே பலகையைவிடப் பயன்படும். அதை எழுதும் பெயின்டரின் கூலியை ஊராட்சியே ஏற்கலாம். மினி பஸ்களின் நேரத்தையும் அதே சுவரில் எழுதுங்கள். அது யார் வண்டி என்பது நிற்பவருக்கு முக்கியமில்லை.

புதிய வண்டி வாங்கும்போது சொல்ல வேண்டியது கொஞ்சம் உண்டு. மீன் தண்ணீரும் உப்புக் காற்றும் சேர்ந்தால் இரும்புத் தரை பின் படிக்கட்டிலிருந்துதான் உளுக்கத் தொடங்கும். கடலோர டிப்போக்களுக்கு வரும் வண்டியின் கூண்டு துத்தநாகம் பூசிய ஜிஐ குழாயில் இருக்கட்டும். அலுமினியத் தகட்டை இரும்பு ரிவெட்டால் அடித்தால் இரண்டும் சேரும் இடத்தில் அரிப்பு வேகமாகும், அங்கே இடையில் சீலன்ட் வேண்டும். விடியற்காலை மீன் நடைகளுக்கென்று இரண்டு மூன்று வண்டியில் பின்னால் ஓர் இருக்கை வரிசையை எடுத்துவிட்டு, அலுமினிய செக்கர் தகடும், தண்ணீர் வெளியேற ஒரு துளையும், கூடை நகராமல் ஒரு கம்பியும் வைத்தால், கூடைக்காகக் கண்டக்டருக்கும் அந்தப் பெண்களுக்கும் நடக்கும் வாக்குவாதம் பாதி குறையும். தனுஷ்கோடி வண்டிகளுக்கு மணல் பறந்து ஏர் ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும். மற்ற வண்டிகளுக்கான கிலோமீட்டர் கணக்கை அங்கே பார்க்க வேண்டாம். வாரம் ஒருமுறையாவது அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவ ஏற்பாடு செய்யுங்கள், லாரித் தண்ணீர் வாங்கியாவது.

கடைசியாக ஒப்பந்தம். பெட்டிக்கு இத்தனை ரூபாய் என்று பணத்தைக் கொடுத்துவிட்டால், பொருத்திய நாளோடு கம்பெனியின் அக்கறை முடிந்துவிடும். மாதக் கட்டணமாகக் கொடுங்கள். அதையும் பெட்டி உயிரோடு இருந்ததற்காக இல்லாமல், சரியான நடை எண்ணோடு, பத்துக்கு ஒன்பது நிறுத்தமாவது பதிவான நடைகளின் கணக்குக்குக் கொடுங்கள். சிம் சந்தா ஒப்பந்தக் காலம் முழுவதற்கும் சேர்ந்திருக்க வேண்டும்; சந்தா முடிந்த நாளில் நல்ல பெட்டியும் ஊமையாகிவிடும். பதிவுகள் எல்லாம் நிர்வாகத்துக்குச் சொந்தம் என்றும், அட்டவணையும் நேரலையும் ஜிடிஎஃப்எஸ் வடிவில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வெளியாகும் என்றும் எழுதுங்கள். கம்பெனி மாறினாலும் பதிவு நிற்கும்.

தொடங்குவதை இராமநாதபுரம் – ராமேஸ்வரம் தடத்தில் தொடங்க வேண்டாம். அங்கே வண்டி அடிக்கடி வருவதால் தவறு இருந்தாலும் தெரியாது. இராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம் வழியாகத் தொண்டி, ஏர்வாடி வழியாகச் சாயல்குடி என்ற இரண்டு தடங்களையும் அவற்றின் கிளை ஊர்களையும் முதலில் எடுங்கள். முதல் இரண்டு மாதம் பொதுமக்களுக்குக் காட்டாமல், நேரக் காப்பாளரின் பதிவேட்டையும் சர்வரையும் தினமும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாத நடைகளின் பட்டியலை வாரம் ஒருமுறை கிளை மேலாளர், எலெக்ட்ரீஷியன், நேரக் காப்பாளர், கம்பெனி ஆள் நால்வரும் உட்கார்ந்து பார்க்கட்டும். ஒயரா, சிம்மா, பதிவெண்ணா, நிறுத்தப் புள்ளியா என்று ஒவ்வொரு நடைக்கும் எதிரே எழுதட்டும். ரத்து அறிவிப்பை மட்டும் அந்த இரண்டு மாதம் காத்திருக்க வைக்க வேண்டாம். அதற்குக் கருவியே தேவையில்லை, நேரக் காப்பாளரும் ஒரு தொலைபேசியும் போதும் என்பதால் வரும் திங்கட்கிழமையே தொடங்கலாம்.

இப்படிக்கு,
தொண்டி முதல் மூக்கையூர் வரை பஸ்ஸில் போய்வருபவர்களும், பஸ் வேலை தெரிந்தவர்களும்